சிங்கப்பூர் நூல்நிலையமும் எங்கள் அக்காவின் அட்டையும்

சிங்கப்பூருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் போதும், "தேக்காவில் என்ன சாப்பிட்டீர்கள், முஸ்தபாவில் என்ன வாங்கினீர்கள்?" என்றுதான் நம்மவர்கள் கேட்கிறார்கள். இந்தத் தடவை நான் ஒன்றும் வாங்கவில்லை. ஒரு பகல் முழுவதும் நூல்நிலையம் நூல்நிலையமாகச் சுற்றிவிட்டு வந்தேன் என்றதும், பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்காத குறைதான்.

காரணம் இருக்கிறது. அந்த ஊர் நூல்நிலையத்தோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1970-ஆம் ஆண்டுக் கணக்கு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது 'நூலகம்' என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம், எனக்கு 'நூல்நிலையம்' என்றுதான் வாயில் வருகிறது. பெரியப்பா வீட்டில் 'லைப்ரரி' என்பார்கள்.

எங்கள் அக்கா, அதாவது பெரியப்பா மகள், இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். முழங்கால் வலி உண்டு, நடை குறையவில்லை. அவருடைய பேத்தியும் எங்களோடு வந்தாள். பள்ளி விடுமுறை. "சின்னத் தாத்தா, எங்கே முதலில்?" என்று கேட்டாள். "இடிந்து போன இடத்துக்கு" என்றேன்.

ஸ்டாம்ஃபோர்ட் சாலையில், கோட்டைக் குன்றின் அடிவாரத்தில், பல்கலைக்கழகக் கட்டடங்களை ஒட்டி இரண்டு செங்கல் தூண்கள் நிற்கின்றன. கதவும் இல்லை, மதிலும் இல்லை. தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ கட்டிப் பாதியில் விட்டது என்று நினைப்பார்கள். பழைய தேசிய நூல்நிலையத்தின் வாசல் தூண்கள் அவை. கட்டடம் நின்ற இடத்தில் இப்போது கார்கள் சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன.

அந்தத் தூண்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கும் அங்கேதான் சொன்னேன். பாதியில் தலையாட்டுவதை நிறுத்திவிட்டாள், ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

ராஃபிள்ஸ் துரை 1823-இல் கல்விக்கூடம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டியபோதே அதில் நூல்நிலையமும் இருக்க வேண்டும் என்று எண்ணியிருந்தார். 1837-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறிய நூல்நிலையமாக அது தொடங்கியது. 1845-இல் 'சிங்கப்பூர் நூல்நிலையம்' என்று தனியாக ஒன்று திறந்தார்கள். பெயர்தான் ஊர்ப் பெயர். பங்கு வாங்கியவர்களும் சந்தா கட்டியவர்களும் மட்டுமே அதற்குள் போகலாம். வணிகர்கள், துரைமார்கள், அவர்கள் வீட்டு அம்மாமார்கள் படிப்பதற்கு இங்கிலாந்திலிருந்து கப்பலில் புத்தகம் வரும். மூட்டை தூக்கியவனும் சாலை போட்டவனும் அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. பிறகு பணமுடை வந்தது. 1874-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, கண்காட்சிச் சாலையையும் சேர்த்து 'ராஃபிள்ஸ் நூல்நிலையமும் அரும்பொருளகமும்' என்று பெயர் வைத்தது. 1887-இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டில் அதற்கு ஒரு மாளிகை எழுந்தது. வெள்ளைக் குவிமாடத்தோடு இன்றும் நிற்கிறதே, தேசிய அரும்பொருளகம், அதுதான்.

அதே 1887-இல், அதே பொன்விழாவை ஒட்டித்தான், சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழும் வெளிவரத் தொடங்கியது. நம்மவர்கள் அந்தக் காலத்திலேயே அச்சுக்கூடம் வைத்துப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். படிக்கிறவர்கள் இல்லாமலா பத்திரிகை வரும்? படிக்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் குவிமாடத்தின் கீழ் இருந்த அலமாரிகளில் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்களே இருந்தன. அதற்கும் சந்தா வேண்டும்.

ஜப்பான்காரன் காலத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1942-இல் ஊர் விழுந்தபோது நூல்நிலையம் கொள்ளை போகாமல் காத்தவர்களில் முக்கியமானவர் கார்னர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். சண்டைக்கு முன் பெரோக் குரங்குகளைப் பழக்கி, உயரமான காட்டு மரங்களிலிருந்து இலையும் பூவும் பறித்து வரச் செய்தவர் அவர். நம் கம்பங்களில் தேங்காய் பறிக்கும் அதே குரங்குதான். தனகடாத்தே என்ற ஜப்பானியப் பேராசிரியரும் டொக்குகாவா என்ற ஜப்பானியப் பிரபுவும் அவருக்குத் துணை நின்றார்கள். ஆட்கள் ஓடிப்போய்க் காலியாகக் கிடந்த வீடுகளிலிருந்தும் புத்தகங்களைச் சேர்த்து வந்து வைத்தார்கள். சண்டைக்காரர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்துகொண்டு ஒரே அலமாரியைக் காவல் காத்ததை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. 1945 டிசம்பரில் நூல்நிலையம் மறுபடியும் திறந்தது. சந்தாவும் மறுபடியும் வந்தது.

இனிமேல் சொல்லப் போவதுதான் நம் தோட்டத்து ஆட்களுக்கு நெருக்கமான பகுதி.

லீ கொங் சியான் என்று ஒருவர். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் பிறந்து, 1903-இல் பத்து வயதுப் பையனாகச் சிங்கப்பூருக்கு வந்தவர். தான் கா கீ என்ற பெரும் வணிகரிடம் வேலை பார்த்து, அவருக்கே மருமகனானவர். 1920-களின் கடைசியில் மூவாரில் ரப்பர் புகைக்கூடம் வைத்துத் தனித்தொழில் தொடங்கினார். பிறகு ரப்பரிலும் அன்னாசியிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்ற அளவுக்கு வளர்ந்தார். 1953-இல் அவர் சிங்கப்பூருக்கு ஒரு பொது நூல்நிலையம் கட்ட 375,000 வெள்ளி தருவதாகச் சொன்னார்.

பணம் கொடுத்த செல்வர்கள் பலர் உண்டு. இவர் பணத்தோடு நிபந்தனையும் வைத்தார். யாரும் காசு கொடுக்காமல் வந்து படிக்க வேண்டும், இது ஒன்று. ஆங்கிலம் மட்டும் போதாது, இந்த மண்ணில் வாழும் ஆசிய மக்களின் மொழிகளிலும் புத்தகம் இருக்க வேண்டும், இது இன்னொன்று. அந்த இரண்டாவது நிபந்தனைக்குள்தான் தமிழும் வருகிறது. சீனர் ஒருவர் தம் மொழிக்கு மட்டும் கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிக் கேட்கவில்லை.

எங்கள் அப்பா மரஞ்சீவிய தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. லீயின் கம்பெனிக்கும் எங்களுக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ரப்பர் ரப்பர்தானே. விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, நிரையில் இறங்கி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைத் தோளில் சுமந்து வந்து ஸ்டோரில் நிறுத்த அந்தத் தலைமுறையை நினைத்துக்கொண்டேன். மலாயா முழுதும் அப்படி வடிந்த பாலில் ஒரு பங்கு, செங்கல்லாகிப் புத்தகமாகி இந்த இடத்தில் நின்றது. எனக்கு அதில் ஒரு பெருமை. அக்கா சிரித்தார். "உங்க அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராதேடா தம்பி" என்றார். உண்மைதான். அதனால் பெருமை குறைந்துவிடவில்லை.

1957 ஆகஸ்டு 16-ஆம் தேதி லீயே அடிக்கல் நாட்டினார். 1958-இல் சட்டப்படி அது தேசிய நூல்நிலையம் ஆயிற்று, சந்தா போயிற்று. 1960 நவம்பர் 12-ஆம் தேதி அன்றைய நாட்டுத் தலைவர் யூசோஃப் இஷாக் செங்கல் கட்டடத்தைத் திறந்து வைத்தார். பக்கத்தில் வெள்ளை மாளிகை நிற்க, இந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம் பார்க்க நன்றாயில்லை என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து அதை இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஊரே வருந்தியது. கட்டடங்களும் மருமகள்களைப் போலத்தான். வந்த புதிதில் ஒரு பேச்சு, பழகிய பிறகு ஒரு பேச்சு.

கோட்டைக் குன்றின் அடியில் சுரங்கச் சாலை போட வேண்டும், அதற்கு நூல்நிலையம் வழிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. கட்டடக் கலைஞர் தே கெங் சூன் சுரங்கத்தைச் சற்று வேறு பக்கமாகத் திருப்பலாம் என்று 2000-இல் மாற்றுத் திட்டமே வரைந்து காட்டினார். நடக்கவில்லை. 2004 மார்ச் 31 கடைசி நாள். சுரங்கம் 2007-இல் திறந்தது. அக்கா அந்தக் கடைசி வாரத்தில் போயிருக்கிறார். உள்ளே படம் எடுத்துக்கொண்டவர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்களாம். "சாவு வீட்டுக்குப் போன மாதிரி இருந்துச்சு. யாரும் சத்தமாப் பேசலே. லைப்ரரியிலே எப்பவுமே சத்தம் போடக்கூடாதுதான், ஆனா இது வேற" என்றார்.

நாங்கள் மூவரும் ஆளுக்கொரு முறை தூணைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து விக்டோரியா ஸ்திரீட்டுக்கு நடந்தோம். வெயில் கடுமை. பத்து நிமிட நடைதான், எங்களுக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

புதிய நூல்நிலையம் பதினாறு மாடி. இரண்டு கட்டடங்கள் எதிரெதிரே நின்று, நடுவில் பாலங்கள் போட்ட மாதிரி இருக்கிறது. மாடிக்கு மாடி மரம் செடி. வரைந்தவர் நம் பினாங்கில் பிறந்த கென் யாங். 2005 ஜூலையில் பொது மக்களுக்குத் திறந்தார்கள். முறைப்படியான திறப்பு விழா அதே ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி. பழைய கட்டடம் திறந்த அதே தேதி, நாற்பத்தைந்து ஆண்டு கழித்து. திறந்து வைத்தவர் அதிபர் எஸ். ஆர். நாதன். அவருடைய பிள்ளைப் பருவம் மூவாரில் கழிந்தது. ரப்பர் விலை சரிந்த காலத்தில் கடனில் மூழ்கிய தந்தையைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். லீ புகைக்கூடம் வைத்ததும் அதே மூவார். உள்ளே மேல் மாடிகளில் இருக்கும் ஆய்வு நூல்நிலையத்துக்கு லீ கொங் சியானின் பெயர். அவர் 1967-இல் மறைந்துவிட்டார். அவர் பெயரில் இயங்கும் அறநிறுவனம் 2003-இல் 60 மில்லியன் வெள்ளி கொடுத்தது.

கீழ்த்தளத்தில் பழைய கட்டடத்தின் செங்கற்களை எடுத்து வந்து ஒரு சுவராகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பேத்தி அதன் மேல் சாய்ந்துகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாய் என்று எட்டிப் பார்த்தேன். ஒரு தமிழ்க் கவிதைத் தொகுதி. சிங்கப்பூர் சுதந்திரம் அடைந்து ஐம்பது ஆண்டு நிறைந்த 2015-இல், அந்த ஐம்பது ஆண்டில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளை மின்வடிவில் தொகுத்தார்கள். கதை, கவிதை, நாடகம், கட்டுரை எல்லாம் உண்டு. சமூகத்தினர் பலர் சேர்ந்து உழைத்து நூல்நிலையத்துக்குக் கொடுத்த பிறந்தநாள் பரிசு அது. 'சிங்கை நேசன்' பழைய தாள்களையும் இப்படியே திரையில் பார்க்கலாம். 1887-இல் குவிமாடத்துக்கு வெளியே நின்ற பத்திரிகை இப்போது உள்ளே வந்துவிட்டது.

பெரிய கட்டடங்களைப் பார்த்தாயிற்று. ஆனால் என் கணக்கு அங்கே இல்லை. பூகிஸ் நிலையத்தில் ரயிலேறினோம். இறங்கிய இடம் குவீன்ஸ்டவுன்.

ஒரு நாட்டில் நூல்நிலையம் பெரிதாக இருக்கிறது என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. பணமிருந்தால் யாரும் கட்டலாம். அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். தோட்டத்திலிருந்து குளுவாங் பட்டணத்துக்கு வர எங்களுக்கு முக்கால் நாள் ஆகும். சிங்கப்பூரிலும் 1960-களில் கம்பத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி ஸ்டாம்ஃபோர்ட் சாலைக்கு வருவது பெரிய காரியம். பஸ் காசுக்கு யார் கொடுப்பார்கள்? அதனால் 1960-இலேயே வேனில் புத்தகம் ஏற்றி நடமாடும் நூல்நிலையம் விட்டார்கள். அது 1991 வரை ஓடியது. பிறகு 2008-இல் 'மோலி' என்ற பெயரில் ஒரு பஸ்ஸே நூல்நிலையமாகி மறுபடியும் கிளம்பியது.

வேன் மட்டும் போதாது, குடியிருப்புக்கு ஒரு கிளை வேண்டும் என்ற நோக்கத்தில் முதலில் எழுந்த முழுநேரக் கிளை குவீன்ஸ்டவுன். 1970 ஏப்ரல் 30-ஆம் தேதி பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தார். அப்போது தேசிய நூல்நிலையத்தின் இயக்குநராக இருந்தவர் ஹெட்விக் அனுவார் என்ற பெண்மணி. ஜொகூர் பாருவில் பிறந்தவர். 1965 முதல் 1988 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கிளைகள் பெருகியதெல்லாம் பெரும்பாலும் அவர் காலத்தில்தான்.

மார்கரெட் டிரைவில் அந்தக் கட்டடம் அப்படியே நிற்கிறது. முகப்பில் வரிசையாகக் கழுத்துப் பட்டி முடிச்சுப் போட்ட மாதிரி ஓர் அலங்காரம். பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டேன். சுற்றியிருந்த திரையரங்குகள் இப்போது படம் காட்டுவதில்லை, பழைய கடைகள் பலவும் போய்விட்டன. இதை மட்டும் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று 2014-இல் அறிவித்துவிட்டார்கள். நல்ல வேளை.

இனி என் கணக்கைச் சொல்கிறேன்.

1970 டிசம்பர். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறைக்குக் குளுவாங்கில் ரயிலேறித் தஞ்சோங் பகாரில் இறங்கிப் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு. அக்கா அப்போதுதான் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்திருந்தார். மாலையில் வகுப்புக்குப் போய்த் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு இந்த வாசலுக்கு வந்தார்.

"காசு எவ்வளவு?" என்று கேட்டேன். "காசு இல்லே" என்றார். நான் நம்பவில்லை. உள்ளே போய் அலமாரிகளைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் புத்தகம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். இங்கே தமிழ்ப் புத்தகம் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறது, யாரும் கேட்காமல் எடுத்துப் புரட்டுகிறார்கள். அக்கா தம் அட்டையில் எனக்கு ஒரு சிறுகதைத் தொகுதி எடுத்துக் கொடுத்தார். பின்பக்கத்தில் ஒட்டிய தாளில் தேதி தேதியாக முத்திரை. அதைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தேதிக்கும் ஓர் ஆள் என்று அக்கா சொன்னார்.

விடுமுறை முடிந்து கிளம்பும்போது அந்தப் புத்தகம் என் பையில் இருந்தது. மறந்து எடுத்துப் போனேன் என்றுதான் கடிதம் எழுதினேன். மறக்கவில்லை. சட்டைகளுக்கு நடுவில் வைத்து மடித்தது எனக்குத் தெரியும்.

லயத்தில் அந்தப் புத்தகம் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு இன்ஜின் நின்று விளக்கு அணைந்ததும் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்து, "படிடா, அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்பார். பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்காருவார். பிறகு எதிர் லயத்திலிருந்தும் வந்தார்கள். வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று மெதுவாகப் படிக்கச் சொல்வார்கள். படிக்கத் தெரிந்த பெரிய பையன்கள் கடன் கேட்டு வாங்கிப் போனார்கள். ஆயாக் கொட்டகை அம்மா ஒரு வாரம் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது அட்டையில் ஒட்டுப்பால் வாடை. ஒரு பக்கத்தில் குழந்தை கைவைத்த மஞ்சள். கடைசித் தேதிக்குப் பிறகு எங்கள் ஆட்களுக்கெல்லாம் முத்திரை குத்தியிருந்தால் அந்தத் தாள் போதாது.

மறு ஆண்டு தீபாவளிக்குச் சிங்கப்பூர் போன சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். அக்காவிடமிருந்து, கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு சிங்கப்பூரில் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1974-இல் தோ பாயோ. 1973-இல் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிக்கு அந்தக் கட்டடம்தான் முதலில் செயலகமாக இருந்தது. ஓட்டப்பந்தயக்காரர்கள் போனபின் புத்தகங்கள் குடிவந்தன. பிறகு 1978-இல் மரீன் பரேட், 1982-இல் புக்கிட் மேரா, 1985-இல் அங் மோ கியோவும் பிடோக்கும், 1988-இல் கேலாங் ஈஸ்டும் ஜூரோங் ஈஸ்டும். 1994-இல் தெம்பனிஸ் வட்டார நூல்நிலையம் என்று பெரிதாக ஒன்று. 1995-இல் தேசிய நூலக வாரியம் அமைந்தது. அதன்பிறகு பேரங்காடிகளுக்குள்ளேயே நூல்நிலையம் வைக்கத் தொடங்கினார்கள். புக்கிட் மேரா கிளையை மூடிவிட்டு, 2019-இல் விவோசிட்டி பேரங்காடிக்குள் புதிதாக ஒன்று திறந்தார்கள்.

செருப்புக் கடைக்கும் பலகாரக் கடைக்கும் நடுவே நூல்நிலையமா என்று நானும் முதலில் குறை சொன்னவன்தான். ஒருநாள் அப்படி ஒன்றில், மீன் வாங்கிய பையைக் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி நாவல் படித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் குறை சொல்வதை விட்டுவிட்டேன். மீன் கெட்டுவிடப் போகிறதே என்றுதான் கவலை.

குவீன்ஸ்டவுன் கிளைக்குள் பேத்தி ஐந்தாறு புத்தகங்களை அடுக்கி ஓர் இயந்திரத்தின் மேல் வைத்தாள். ஒவ்வொன்றிலும் சிறிய மின்னணு வில்லை ஒளிந்திருக்கிறதாம். முத்திரையும் இல்லை, தேதித் தாளும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அது படித்து முடித்தது. எந்தக் கிளையில் வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம், வாசலில் பெட்டி இருக்கிறது, உள்ளே போட்டால் போதும்.

தமிழ்ப் பகுதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எனக்கு வாய் அரித்தது. "அக்கா, அந்தப் புத்தகத்தை நான் மறந்து எடுத்துக்கிட்டுப் போகலே" என்றேன்.

"தெரியும்" என்றார் அக்கா.

"எப்படித் தெரியும்?"

"நீ போறன்னைக்குப் பையைத் தூக்க விடாம நீயே தூக்குனியே. அப்பவே தெரியும்."

"அபராதம் கட்டுனீங்களா?"

"கட்டாம?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "அபராதம் பெருசில்லே தம்பி. அது திரும்பி வர்ற வரைக்கும் என் அட்டையிலே வேற புத்தகம் எடுக்க முடியலே. பரீட்சை வருஷம். தினம் வேலை முடிஞ்சு இங்கே வந்து, இதோ இந்தப் பக்கம் உட்கார்ந்து, மூடுற வரைக்கும் கையாலே எழுதி எடுத்துக்கிட்டுப் போவேன்."

"ஒரு கடிதம் போட்டிருந்தா உடனே அனுப்பியிருப்பேனே?"

"போட்டேன். உங்க அம்மா யார்கிட்டேயோ சொல்லிப் பதில் எழுதியிருந்தாங்க. இன்னும் பாதிக் கதை பாக்கி இருக்கு, லயத்துலே எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க, கோவிச்சுக்காதேம்மான்னு. அப்புறம் எப்படிக் கேட்கிறது?"

அந்தக் கடிதம் எழுதிய விஷயம் அன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா காலமாகி இருபது ஆண்டாகிறது.

அக்கா எழுந்து அலமாரிப் பக்கம் போனார். விரலால் முதுகுகளைத் தடவிக்கொண்டே வந்து ஒன்றை உருவினார். பேத்தியைக் கூப்பிட்டுத் தம் அட்டையைக் கொடுத்து இயந்திரத்தில் வைக்கச் சொன்னார். ஒரு சிறுகதைத் தொகுதி. என் மடியில் வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ. இருபத்தொரு நாள். இந்தத் தடவை சித்தப்பாகிட்டே கொடுத்தனுப்ப முடியாது, நீயேதான் வரணும்" என்றார்.

அன்று மாலை குளுவாங் பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போது ஒன்பது நாள் ஆகிவிட்டது. பாதிக் கதை பாக்கி.